சிட்டிக்கு வந்த முதல் பஸ்

இப்போது எங்கள் சிட்டிக்குள் டவுன் பஸ் வருகிறது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஆர்ச்சுக்குள் நுழைந்து தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் திரும்பிப் போகிறது. பெரும்பாலும் காலியாகத்தான். அது வந்து சேர்வதற்குள் எல்லோரும் வண்டி வாங்கிவிட்டார்கள். முதல் நாள் அதற்கு யாரும் ஒரு கற்பூரம்கூட ஏற்றவில்லை. ஏற்ற வேண்டியதையெல்லாம் பல வருஷங்களுக்கு முன்பே வேறொரு பஸ்ஸுக்கு ஏற்றித் தீர்த்துவிட்டோம்.

சிட்டி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை போகும் வழியில், நெல் விளைந்த நிலத்தில் மண்ணைக் கொட்டிக் கல் நட்ட மனைப்பிரிவுகளில் ஒன்று எங்களுடையது. விற்றவர்கள் அதற்கு ஒரு பூவின் பெயரை வைத்து, பின்னால் சிட்டி என்று சேர்த்திருந்தார்கள். பூ சீக்கிரமே உதிர்ந்துபோய் சிட்டி மட்டும் நின்றது. மெயின்ரோட்டில் ஓர் ஆர்ச் கட்டியிருந்தார்கள் பாருங்கள், அரண்மனைக்குக்கூட அப்படி ஒரு வாசல் இருக்காது. இரண்டு பக்கமும் யானை, உச்சியில் கலசம். அதைத் தாண்டி உள்ளே வந்தால் ரோடு கிடையாது. வண்டிச் சக்கரம் போன தடம்தான் ரோடு. கம்பம் இருக்கும், கம்பி இருக்காது. பூங்கா என்று எழுதிய பலகை இருக்கும், அதன் நிழலில் எருமை படுத்திருக்கும்.

ஆனால் மனை விற்றவர்கள் கொடுத்த வண்ணப் படத்தில் எல்லாம் இருந்தது. வெளிவட்டச் சாலை, மேம்பாலம், பஸ் நிலையம் என்று எல்லாமே புள்ளிக்கோட்டில் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அதை விரித்துவைத்து என்னை மடியில் உட்கார வைத்துக்கொள்வார்.

"இதோ பாரு, இங்க ரிங் ரோடு வருது. இது பஸ் ஸ்டாண்டு. நம்ம ஊட்டுக்கு அஞ்சு நிமிஷம்."

"நடந்தா அஞ்சு நிமிஷமா, பறந்தா அஞ்சு நிமிஷமா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்பாள்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவருடைய வழியில் யாருக்கும் கையகல நிலம்கூடச் சொந்தமாக இருந்ததில்லை. அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, அடுத்தவர் களத்தில் நெல் தூற்றியவர்கள். அப்பா காக்களூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்குப் போய், ஓவர்டைம் பார்த்து, முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு துண்டு மண்ணை வாங்கியிருந்தார். அதில் ஒரு ரூமும் ஒரு சமையற்கட்டும் கட்டி எங்களைக் கொண்டுவந்து இறக்கினார். வீட்டைச் சுற்றி வேலிகாத்தான் முள்தான் என்றாலும் அதுவும் தன்னுடைய முள் என்று அவருக்குப் பெருமை.

அம்மா வியாசர்பாடிக்காரி. வாசலில் நின்று கையைக் காட்டினால் பஸ் நிற்கும் இடத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அதையும் விட்டுவிட்டுத்தான் இங்கே வந்தாள். திருவள்ளூர் தேரடி பக்கம் ஒரு கடையில் அதே வேலை கிடைக்கும் போலிருந்தது. ஆனால் எப்படிப் போவது? ஆர்ச் வரைக்கும் முள்ளுக்கு நடுவே நடக்க வேண்டும். அங்கே ஷேர் ஆட்டோவில் ஒருவர் மடியில் ஒருவராக ஏற வேண்டும். சாயங்காலம் இருட்டினால் அதே வழியில் தனியாகத் திரும்ப வேண்டும். ஒரு கோடை மழையில் ரேஷன் அரிசியோடு சேற்றில் வழுக்கி விழுந்து, முழங்கால் வரைக்கும் களிமண்ணோடு வீட்டுக்கு வந்தாள். கால்கூடக் கழுவாமல் அப்பா முன்னால் நின்றாள்.

"ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள பஸ் வந்துச்சினா இங்க இருப்பேன். இல்லாங்காட்டி நானும் பொண்ணும் எங்கண்ணன் ஊட்டுக்குப் போறோம். நீ உன் சிட்டியக் கட்டிக்கினு இங்கியே கெட."

அம்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோகிற ஆள் இல்லை. அப்பாவுக்கு அது தெரியும். அன்றிலிருந்து அவர் சாப்பிடுவதே பாதியாகிவிட்டது. எனக்கோ அப்பாவை விட்டுப் போக மனமில்லை, அம்மாவை விட்டு இருக்கவும் தெரியாது. அதனால் பஸ் வர வேண்டும் என்று பார்க்கிற பிள்ளையாரையெல்லாம் கேட்டுக்கொண்டேன்.

பஸ்ஸைக் கொண்டுவரும் பொறுப்பு சித்தப்பாவிடம் இருந்தது. அப்பாவின் தம்பி. அடுத்த மனையில் ஷீட் போட்ட வீட்டில் தனியாக இருந்தார். ஒயரிங் வேலை செய்வார். சிட்டி நலச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர், உண்மையில் சங்கமே அவர்தான். பஸ் டிப்போவுக்கு நடையாய் நடந்தார். அங்கே ஒருத்தர் இவர் தொல்லை தாங்காமல், அடுத்த வாரம் ஒரு வண்டி விட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். வாரம் என்றால் திங்கட்கிழமையில்தானே தொடங்கும் என்று கிழமையைச் சித்தப்பாவே போட்டுக்கொண்டார்.

"அண்ணி! திங்கக்கெழம காலைல பஸ்ஸு! டிப்போல சொல்ட்டாங்க!" என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

எங்கள் பக்கத்தில் ஓர் ஊருக்குப் புதிதாக பஸ் விட்டால் அது பஸ் இல்லை, மாப்பிள்ளை. முன்னால் வாழைக்கன்று கட்டுவார்கள். கண்ணாடிக்கு மாலை போட்டுச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், ஒரு பூசணிக்காய், டிரைவருக்கும் கண்டக்டருக்கும் துண்டு. அப்புறம் ஊரே ஏறி முதல் சவாரி போய்வரும். சித்தப்பா ஒன்றையும் விடவில்லை. ஒலிபெருக்கி கட்டி விடியற்காலையிலேயே சாமிப் பாட்டு போட்டுவிட்டார். அம்மா ஒரு தவலை நிறையக் கேசரி கிண்டினாள். நல்ல புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஆரத்தித் தட்டோடு முன்வரிசையில் வந்து நின்றாள். சிட்டிக்கு வந்த நாளிலிருந்து அம்மாவை நான் அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

வெயில் ஏறியது. கேசரி ஆறியது. பஸ் வரவில்லை. ஆளாளுக்குச் சித்தப்பாவைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்பா யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் ஆர்ச் பக்கம் புழுதி கிளம்பியது. வெள்ளையாக, பெரியதாக, ஒரு பஸ் ஆடி அசைந்து உள்ளே வந்தது.

சித்தப்பா ஒலிபெருக்கியை இன்னும் பெரிதாக வைத்தார். பஸ் நிற்பதற்குள் வாழைக்கன்றைக் கட்டிவிட்டார்கள். மாலை விழுந்தது, பூசணிக்காய் உடைந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னவோ கத்தினார். பாட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அவர் கையை ஆட்டியதைப் பார்த்து நாங்களும் கையை ஆட்டினோம்.

அது டவுன் பஸ் இல்லை. ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் ஆள் ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்டுக்குப் போகிற ஒரு கம்பெனி பஸ். மெயின்ரோட்டில் கால்வாய் கட்டக் குறுக்கே தோண்டிப் போட்டிருந்தார்கள். மாற்று வழி என்று ஓர் அம்புக்குறியை எந்தப் பக்கமும் சேராமல் சாய்த்து வைத்திருந்தார்கள். டிரைவர் பார்த்தார். யானையும் கலசமுமாக அவ்வளவு பெரிய ஆர்ச் நிற்கிறது, அதற்குப் பின்னால் ஒரு ஊராவது இருக்காதா என்று உள்ளே விட்டுவிட்டார். பாவம், அந்த ஆர்ச்சை நம்பி ஏமாந்தவர்களில் அவரும் ஒருவர்.

துண்டு போடும் வேலை அப்பாவுடையது. அப்பா டிரைவர் பக்கத்துப் படியில் ஏறினார். தினமும் காக்களூர் எஸ்டேட் வாசலில் இந்த மாதிரி பஸ்களைப் பார்க்கிறவர், அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்திருக்கும். தட்டோடு நின்ற அம்மா பார்த்துக்கொண்டே இருக்க, துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு டிரைவரைக் கும்பிட்டுக் கும்பிட்டு வெகுநேரம் என்னவோ பேசினார். என்ன பேசினார் என்பதை, நான் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு ஒரு நாள் அவரே சொன்னார்.

டிரைவர், "இன்னா நைனா இது பேஜாரு! ஷிப்டுக்கு லேட்டாவுது, வழி உடுங்கப்பா" என்றாராம்.

"அண்ணே, ஆள் தெரியாம மாலை போட்டுட்டாங்கண்ணே. அதோ தட்டோட நிக்கிறா பாரு, அது என் ஊட்டுக்காரி. பஸ் வரலனா பொண்ணக் கூட்டிக்கினு அவங்கண்ணன் ஊட்டுக்குப் போயிடுவா. உன் கால்ல வேணாலும் உழறேன். அஞ்சு நிமிஷம், அஞ்சே நிமிஷம் டவுன் பஸ்ஸா இருந்துட்டுப் போயிடுண்ணே."

டிரைவர் கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்தாராம். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, தலையை வாரிக்கொண்டு, கீழே இறங்கித் துண்டுக்குக் கழுத்தை நீட்டினார். அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டலாம்.

அம்மா ஆரத்தி எடுக்க முன்னால் போனாள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பஸ்ஸின் பக்கவாட்டில் இங்கிலீஷில் பெரிது பெரிதாக எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட புதிது எனக்கு, கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாகப் படிப்பேன். இரண்டு எழுத்துதான் சொல்லியிருப்பேன். அம்மா பக்கத்தில் இறக்கி வைத்திருந்த தவலையிலிருந்து ஒரு பிடி கேசரியை அள்ளி என் வாயில் திணித்துவிட்டாள். இன்றைக்கு அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு மென்றேன். அம்மா தட்டை மூன்று சுற்றுச் சுற்றி, பஸ்ஸுக்குக் குங்குமம் வைத்து, டிரைவரைக் கும்பிட்டாள்.

அப்புறம் முதல் சவாரிக்கு எல்லோரும் ஏறினோம். உள்ளே ஒரே நீலச் சட்டையில், கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். டவுன் பஸ்ஸில் போக யூனிஃபார்ம் வேண்டும் போலிருக்கிறது, நமக்கு எப்போது தைப்பார்கள் என்று யோசித்தேன். இவங்கள்ளாம் யாருப்பா என்று ஒருவர் கேட்டதற்குச் சித்தப்பா அசரவே இல்லை. "டிரயல்ல சும்மா காலி வண்டியா உடுவாங்க? கம்பெனி ஆளுங்கள ஏத்திக்கினு லோடு செக் பண்றாங்க" என்றார். நீலச் சட்டை அக்கா ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு, எங்கள் கேசரியை எனக்கே ஊட்டிவிட்டாள். மெயின்ரோடு வந்ததும் டிரைவர் எங்களை இறக்கிவிட்டு, மாலையும் வாழைக்கன்றுமாகவே கம்பெனிக்குப் போனார். ஆர்ச்சிலிருந்து அத்தனை பேரும் வெயிலில் நடந்து வீடு வந்தோம். அன்றைக்கு யாருக்கும் அந்த நடை வலிக்கவில்லை.

சித்தப்பாவுக்கு விஷயம் மறுநாள்தான் தெரிந்தது. டிப்போவுக்குப் போய், "ஊரே ஆரத்தி எடுத்த பஸ்ஸ இல்லன்னு சொன்னா இன்னா அர்த்தம்?" என்று சண்டை போட்டுவிட்டு வந்தார். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு முன்பே, பஸ் வந்த அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்துவிட்டது.

வெளிச்சம் இருக்கும்போதே அம்மா சோறு போட்டாள். அப்பாவுக்குத் தட்டில் கை போகவில்லை. அம்மா, எந்த அலட்டலும் இல்லாமல், "பொண்ண இங்கியே ஸ்கூல்ல சேத்துடு. நானும் நாளைக்குப் போய் அந்தத் தேரடி கடையில கேட்டுட்டு வரேன்" என்றாள். கேட்டதும் அப்பா துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகமோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அது வந்து... காலைல வந்துச்சே, அந்த பஸ்ஸு..."

"தெரியும்" என்றாள் அம்மா. "தொவையல் போதுமா, இன்னும் வைக்கட்டா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. துவையல் காரம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு என்ன தெரியும் என்பதும் எனக்கு விளங்கவில்லை. பஸ் வரும் நேரமாகத்தான் இருக்க வேண்டும், அம்மா டிரைவரிடம் கேட்டு வைத்திருப்பாள்.

"காலைல எத்தினி மணிக்கும்மா வரும்?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான், இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்ப்பதும் சிரிப்பதும், அடக்குவதும் மறுபடி சிரிப்பதுமாக, அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்குப் புரையேறி, அம்மா எழுந்து போய் அவர் தலையில் தட்டி. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?