ஒரே பூசையில் எனக்காக இரண்டு சீட்டு

இன்று காலை ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் பூசை. யார் யாருக்காகப் பூசை என்று, வேண்டுதல் எழுதிய சீட்டுகளை ஃபாதர் முதலில் வாசிப்பார்.

"ஜெனிபருக்கு துறைமுகத்தில் வேலை கிடைத்ததற்கு நன்றியாக."

அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த வேலைக்கு நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. எம்.ஏ. வரலாற்றிலும் இடம் கிடைத்திருக்கிறது, உதவித்தொகை இல்லாமல். மாலைக்குள் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எம்.ஏ. விஷயம் தெரிந்தவர் அப்பா மட்டும். ஒரு வாரமாக அவர் வாயே திறக்கவில்லை.

ஃபாதர் அடுத்த சீட்டை எடுத்தார்.

"ஜெனிபர் எம்.ஏ. படிப்பை நல்லபடியாக முடிக்க வேண்டி."

முன் பெஞ்சுகள் மொத்தமும் திரும்பின. அப்பா பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலிலேயே அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "இன்னாய்யா இது? ஸ்காலர்ஷிப் எதுனா இருக்கா? அத்த பட்ச்சிட்டு இன்னா வேலைக்குப் போவா?"

"தெர்ல." அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். "ரெண்டு வருசம் நான் ஓவர்டைம் பாத்துக்கறேன்."

"இந்த முட்டிய வச்சிகினா?"

அவர் நொண்டியபடி நடந்தார்.

இரண்டு வேண்டுதலும் இந்நேரம் மேலே போய்ச் சேர்ந்திருக்கும். அந்த முட்டிக்காக மட்டும் யாரும் சீட்டு எழுதவில்லை. மாலைப் பூசைக்கு அதை நான் எழுதிவிடுகிறேன். எனக்காக என்ன எழுதுவது என்று நீங்கள் சொல்லுங்கள்.