புளிக்கு ஆகும் வார், பன்றிக்கு ஆகாது

இந்தக் கோபம் எனக்குப் பத்து வயதில் வந்தது. இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். அது இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று நான் விட்டதும் இல்லை.

சவ்வாது மலையில் எங்களுக்குச் சரிவில் இரண்டு துண்டு சாமைக் காடு. சாமை கதிர் பிடித்துவிட்டால் பன்றி வரும். கூட்டமாக வந்து ஒரே மேய்ச்சலில் ஆறு மாதப் பாட்டை மண்ணாக்கிவிட்டுப் போகும். அதனால் அந்த நாட்களில் எங்கள் ஊர் ஆண்கள் நாட்டுத் துப்பாக்கியோடு காட்டோர மரங்களில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவுக்கு ஒரு வேங்கை மரம்.

மரத்தில் உட்காருவது லேசு இல்லை. வெறும் கிளையில் குந்தினால் கொஞ்ச நேரத்தில் தொடை மரத்துப்போகும். மரத்துப்போனவன் அசைவான். அசைந்தால் பன்றி அந்தப் பக்கமே வராது. ஆகவே அடிமரத்தோடு சேர்த்து ஒரு தூளி கட்டுவார்கள். பிட்டத்துக்குக் கீழே ஒரு வார், முதுகுக்குப் பின்னால் ஒரு வார். கால் இரண்டையும் மரத்தில் உதைத்துக்கொண்டு சாய்ந்தால், உட்கார்ந்திருப்பதே மறந்துபோக வேண்டும். அதுதான் நல்ல தூளி. வார் நாலு விரல் அகலமாவது இருக்க வேண்டும். பாரம் ஏற ஏற முடிச்சு இறுக வேண்டும், நகரக் கூடாது. இதெல்லாம் பொம்பளைக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன்.

அப்பாவிடம் இருந்த தூளி பழைய கோணிச்சாக்கில் தைத்தது. அந்த வருடம் பரண்மேல் கிடந்த அதை எலி தின்றுவிட்டது. புதிதாக ஒன்று வேண்டும் என்று பேச்சு வந்தது.

வீட்டிலேயே ஒன்று இருந்தது. அம்மா பின்னிய வார். கற்றாழை மட்டையை ஓடையில் ஊறப்போட்டு, கல்லில் அடித்து நார் எடுத்து, ஆறு பிரியாகப் பின்னுவாள். உள்ளங்கை அகலம் இருக்கும். மாசியில் புளி உலுக்க ஏறும்போது அப்பா அதில்தான் உட்காருவார். அரை நாள் உட்கார்ந்துவிட்டு இறங்கி வந்து, "மடியில உக்காந்தா மாரி கீது" என்பார். நானும் அதில் ஆடியிருக்கிறேன்.

ஆனால் வேட்டைக்கு அது ஆகாதாம். வேட்டைக்குப் போகிற கயிற்றைப் பொம்பளை தொடக் கூடாது, தாண்டக் கூடாது. தொட்டால் மரமே ஆளைத் தள்ளிவிடும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அதே ஆள்தான். அதே உயரம்தான். புளிக்குத் தாங்குகிற வார் பன்றிக்கு மட்டும் எப்படித் தீட்டாகும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

சித்தப்பா, அப்பாவின் தம்பி, மலைக்குக் கீழே சந்தவாசல் கடைக்குப் போய்வந்தவர் ஒரு நைலான் கயிற்றுச் சுருளைக் கொண்டுவந்து வாசலில் போட்டார். நீல நிறம். எங்கள் ஊர் அதுவரை பார்க்காத பளபளப்பு.

"இத்துல யானையே கட்டலாமாம், கடைக்காரன் சொல்றான்" என்றார்.

அம்மா கிட்டே போகாமல் நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள். "யானைய கட்டு, வேணாங்கல. மனுசன் உக்கார முடியுமா? விரல் மொத்தம்தான் கீது, தொடைய அறுத்துடும். வழுவழுன்னு வேற கீது. முடிச்சு நிக்குமா இத்துல?"

"அண்ணி, நீ அடுப்புல களியப் பாரு. அது நிக்குதா பாரு."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் கோபம் என்று.

மறுநாள் சித்தப்பா என்னை மட்டும் ஓடைக்கரைப் புங்க மரத்துக்குக் கூட்டிப்போனார். தாழ்ந்த கிளையில் நைலான் தூளியைக் கட்டி, "ஏறி உக்காரு. நான் கீழ நின்னு முடிச்சப் பாக்கணும்" என்றார்.

"பொம்பள தொடக் கூடாதே சித்தப்பா?"

"நீ இன்னா பொம்பளயா? சுண்டுவிரல் அளவு கீற. உக்காரு. யாராண்டயும் சொல்லாத, இன்னா?"

ஆம்பிளைகள் காரியத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுமே கயிறு இரண்டு தொடையிலும் இறங்கியது. தலைக்கு மேலே முடிச்சு ஒரு விரற்கடை நகர்ந்தது. கொஞ்சம் ஆடினேன். இன்னொரு விரற்கடை.

"சித்தப்பா, முடிச்சு நவுருது."

"நவுரல, இறுகுது."

"தொட வலிக்குது."

"உங்கப்பன் தொடையும் உன் தொடையும் ஒண்ணா? எறங்கு."

பழைய முடிச்சின் மேலேயே இன்னொரு முடிச்சைப் போட்டார். தூளி தயாராகிவிட்டது.

அன்று சாயங்காலம் அம்மா எனக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவள் கை நின்றது. என் தொடை இரண்டிலும் கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்து சிவந்திருந்தது. "எங்கடி உக்காந்த?" என்றாள். "புளிய மரத்துல" என்றேன். அவள் அடுத்த சொம்பை ஊற்றினாள். முடிச்சு நகர்ந்ததை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சித்தப்பாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருந்தது, அதை உடைக்க மனசு வரவில்லை. இந்தக் கணக்கில் என் பங்கை நான் மறைக்கவில்லை.

காலையில் அம்மா அப்பாவிடம் கெஞ்சினாள். அவள் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அந்தக் கயிறு வேணாங்க. என் வார எடுத்துட்டுப் போங்க. யாரு பாக்கப் போறாங்க?"

"சாமி பாக்கும்" என்றார் அப்பா.

வெயில் இறங்கும் முன்பே ஏறி உட்கார்ந்தவர், வெளிச்சம் இருக்கும்போதே விழுந்தார். முடிச்சு உருவிக்கொண்டது. கீழே பாறை. தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. நாலு பேர் கட்டிலில் தூக்கி வந்தார்கள். கட்டு கட்டுகிறவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டும்போது அப்பா போட்ட சத்தம் மலை அடிவாரம் வரை கேட்டிருக்கும். அதன் பிறகு அவர் நேராக நடக்கவே இல்லை.

மூன்றாம் நாள் கோயில் முன்னால் ஊர் கூடியது. கயிறு ஏன் உருவிக்கொண்டது என்று விசாரிக்க இல்லை. எந்தப் பொம்பளை அதைத் தொட்டது என்று விசாரிக்க.

சித்தப்பா எழுந்து நின்றார். "கயிறு புதுசு. முடிச்சு நான் போட்டது, அவுராது. எவ காலு பட்டுச்சோ" என்றார். அவர் பார்வை என் மேல் வந்தது. ஒரு நொடி நின்றது. பிறகு அம்மாவிடம் போய்விட்டது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முடிச்சு நகர்ந்ததே, நானே பார்த்தேனே என்று கத்த வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என் கால் விரல்களைத் தன் காலால் மிதித்தாள், நகம் பெயர்கிற மாதிரி. மிதித்துக்கொண்டே எழுந்தாள்.

"நான்தாங்க. வாசல்ல கெடந்துச்சு. பாக்காம தாண்டிட்டேன்."

"ஏம்மா, கண்ணு தெரியலயா உனக்கு?" என்றார் ஊர்ப் பெரியவர்.

"தெரியலைங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

எங்கள் ஊரில் விதைப்பு என்றால் முதல் கை சாமை அம்மாதான் இறைப்பாள். அவள் கை ராசி என்று அடுத்த ஊரிலிருந்துகூடக் கூப்பிடுவார்கள். இனிமேல் அவள் விதையைத் தொடக் கூடாது, களத்தில் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. ஒரு வருடம் என்றுதான் சொன்னார்கள். வருடம் முடிந்தும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை. அப்பா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முடிச்சு உருவியது அவருக்குத் தெரியாதா? அவர்தானே அதில் உட்கார்ந்திருந்தார்!

அன்று என் பெயர் வெளியே வந்திருந்தால், அப்பனை மரத்திலிருந்து தள்ளியவள் என்று மலை முழுக்கப் பேராகியிருக்கும். எந்த வீட்டிலிருந்தும் பெண் கேட்டு வந்திருக்க மாட்டார்கள். இது எனக்கு என் மகள் பெரியவளான பிறகு விளங்கியது. பத்து வயதில் என்ன விளங்கும்? சித்தப்பாவுக்குப் பயந்து அம்மா பொய் சொல்லிவிட்டாள், தோற்றுப்போய்விட்டாள், என்னையும் பேசவிடாமல் மிதித்தாள் என்றுதான் நினைத்தேன். என் கோபமெல்லாம் அவள் மேல் திரும்பியது. அவள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கிண்டிய களியைத் தொடவில்லை.

நாலு நாள் சித்தப்பா வீட்டில்தான் சாப்பிட்டேன். அம்மா வேலி ஓரமாக வந்து, நான் தின்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போவாள். "உங்கம்மா பாக்கறாடி" என்றாள் சித்தி. "பாக்கட்டும்" என்றேன். சித்தப்பா சிரித்துக்கொண்டே என் தட்டில் இன்னொரு உருண்டை வைத்தார். அதையும் தின்றேன்.