விரிசல் விழாத மூலை

ஆடி மாதத்தில் எங்கள் கல்லூரியில் கரும்பலகையைவிட மேசையில் எழுதுவது சுலபம். கோவில்பட்டியைத் தாண்டி, நாலு பக்கமும் கரிசல் காடாக இருக்கிற இடத்தில் கல்லூரியைக் கட்டியவர்கள், ஜன்னலுக்குக் கண்ணாடி போடுவதை மட்டும் வருஷா வருஷம் தள்ளிப்போட்டு வந்தார்கள். காற்று ஒரு சுற்று வந்து மேசை, நாற்காலி, என் சேலை என்று பாரபட்சம் பார்க்காமல் தூசியைப் போர்த்திவிட்டுப் போகும். நான் இயற்பியல் ஆசிரியை. அந்தத் தூசியில் விரலால் ஒரு வட்டம் போட்டு, "இதுதான் சூரியன்" என்று ஆரம்பிப்பேன். கோள்கள் உருவான கதையைச் சொல்ல அதைவிட நல்ல வசதி எனக்கு வேறெந்தக் கல்லூரியிலும் கிடைத்திருக்காது.

அது பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். வகுப்பின் கடைசிப் பத்து நிமிஷம் யாரும் எதையும் கேட்கலாம் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தேன். "பரீட்சைக்கு வருமா மேடம்?" என்ற கேள்விக்கு மட்டும் அனுமதியில்லை. கேட்டவனை வெளியே அனுப்பிவிடுவேன். வெளியே போய் டீ குடிக்கத்தான் அவன் கேட்டான் என்பது எனக்குக் கொஞ்ச காலம் கழித்துத்தான் உறைத்தது.

பிறகு பொறியியல் அறநெறி என்ற பாடமும் என்னிடம் வந்து சேர்ந்தது. இறுதியாண்டு மாணவர்களுக்கான அந்தப் பாடத்தை எடுக்க எந்தத் துறையிலும் ஆள் இல்லை. கட்டடத் துறைக்காரர்கள் இயந்திரத் துறையைக் கை காட்டினார்கள், அவர்கள் மின்துறையைக் காட்டினார்கள், கடைசியில் "மேடம் நல்லாப் பேசுவாவ" என்று எல்லோரும் சேர்ந்து என் தலையில் கட்டினார்கள். பேச்சு நன்றாக வரும் என்பதற்காக ஒழுக்கப் பாடத்தைக் கொடுத்தது இந்த உலகத்திலேயே எங்கள் கல்லூரியாகத்தான் இருக்கும். பிள்ளைகளும் விடவில்லை. பாலம் விழுந்தால் வரைந்தவன் ஜெயிலுக்குப் போவானா, கட்டியவன் போவானா என்று இயற்பியல் வகுப்பில் கேட்பார்கள். அறநெறி வகுப்பில், பூமி சூடாகக் கிடந்தபோது நம்ம கரிசல் மண் எங்கே இருந்தது என்பார்கள்.

நான் சொல்ல வந்த பெண், கட்டடத் துறை மாணவி. முதலாண்டிலேயே என்னை மடக்கியவள். தூசியும் தூசியும் ஒட்டித்தான் கோள்கள் ஆயின என்று நான் சொன்னதும் எழுந்தாள்.

"எங்க காட்டுல இவ்வளவு தூசி பறக்குதே மேடம். ஒண்ணோட ஒண்ணு ஒட்டுன மாதிரியே தெரியலையே?"

எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. தலை சீவிய சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டுகிற மாதிரி, வெட்டவெளியில் மெதுவாக மோதுகிற தூசிகள் ஒட்டிக்கொள்ளும், கூழாங்கல் அளவுக்கு வளர்வதில் சிரமமில்லை என்று சொன்னேன். வளர்ந்த பிறகுதான் சிக்கல். வேகமாக மோதினால் உடைந்துவிடும். உடையாமல் தப்பி ஒரு மீட்டர் அளவுக்கு வந்துவிட்ட கல்லுக்கு எதிர்க்காற்று காத்திருக்கும். சூரியனைச் சுற்றியிருந்த வாயு அந்தக் கல்லைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியது. அதனால் கல்லுக்கு எப்போதும் முகத்தில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும், ஆடி மாதம் நீங்கள் கல்லூரிக்கு சைக்கிள் மிதித்து வருகிற மாதிரி. வேகம் குறையக் குறைய, கல் உள்ளே இழுபட்டுப் போய் சூரியனில் விழும்.

"அப்ப நாம எப்படி மேடம் வந்தோம்?"

கூழாங்கற்கள் கூட்டமாகச் சேர்ந்தால் வாயுவையும் தங்களோடு இழுத்துக்கொண்டு போகும், எதிர்க்காற்று தணியும், பின்னால் வருகிற கற்களும் அந்தக் கூட்டத்தில் வந்து சேரும், கடைசியில் தங்கள் ஈர்ப்பிலேயே எல்லாம் இறுகி ஒன்றாகும், அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறார்கள் என்றேன். தனியாகப் போகிற கல்லுக்குத்தான் ஆபத்து.

"நினைக்கிறாவளா? யாரும் பாக்காதத எப்படி மேடம் நிரூபிப்பாவ?"

மணி அடித்துவிட்டது. அன்றைக்கு மணிக்கு நான் நன்றி சொன்னேன்.

அந்தக் கேள்வியோடு அவள் நின்றுவிடவில்லை. நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தாள். படிப்பு முடிந்ததும் வடக்கே போய்க் கோள்களைப் பற்றி மேற்படிப்புப் படிப்பது என்று முடிவு செய்து நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தமானாள். நாகலாபுரம் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. அப்பா இல்லை. சித்தப்பாதான் அவளையும் அவள் அம்மாவையும் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். ஒப்பந்தம் எடுத்துக் கட்டடம் கட்டுகிறவர். "எங்க வீட்டுப் பிள்ள கிரகத்தப் பத்திப் படிக்கப் போவுது" என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வாராம். அதை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். சேர்த்துவிடத் தானே ரயிலேறி வருவதாகவும் சொல்லியிருந்தார்.

இறுதியாண்டு ஆடி மாதம், அறநெறி வகுப்பின் கடைசிப் பத்து நிமிஷம். அவள் எழுந்தாள்.

"மேடம், ஒரு இன்ஜினியர் இருக்காரு."

வகுப்பு சிரித்தது. அந்தப் பாடத்தில் எல்லாக் கேள்வியும் ஒரு இன்ஜினியரில்தான் ஆரம்பிக்கும்.

"ஒரு கட்டடம். எல்லாக் குழியிலயும் சுக்கான் வந்துட்டு. ஒரு மூலையில மட்டும் வரல. மண்ணு காய்ஞ்சு பாறையாட்டம் கெடக்கு, போதும்னு காங்கிரீட் போட்டுட்டாவ. அது அந்த இன்ஜினியருக்குத் தெரியும். அவரு என்ன செய்யணும்?"

கரிசலில் வீடு கட்டுகிற யாருக்கும் இதை விளக்க வேண்டாம். மழை பெய்தால் கரிசல் உப்பும், வெயிலில் சுருங்கிக் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் நிற்கிற சுவரும் கூடவே ஏறி இறங்கி விரிசல் விடும். அதனால் மண்ணுக்கு அடியிலிருக்கிற வெள்ளைச் சுக்கான் பாறையைத் தொடுகிறவரை குழி தோண்டுவார்கள். ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் கரிசல் வெந்து இறுகிவிடும். கடப்பாரை பட்டால் பாறையில் பட்ட மாதிரியே சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நம்பி ஏமாந்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர்.

"மழை வாரதுக்குள்ள வேற கம்பெனிக்கு மாறிரணும் மேடம்" என்றான் பின்வரிசையில் ஒருவன். நானும் சிரித்தேன். பிறகு பதில் சொன்னேன். முதலில் கட்டுகிறவரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டால் அந்தக் கூரைக்குக் கீழே உட்காரப் போகிறவர்களிடம் சொல்ல வேண்டும்.

"சொந்தம், நன்றி இதெல்லாம் கணக்குல வராதா மேடம்?"

"வராது" என்றேன்.

வகுப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, யார் அந்த இன்ஜினியர் என்று கேட்டேன். அவளேதான். கோடை விடுமுறையில் சித்தப்பாவின் வேலையிடத்தில் நின்று பழகியிருக்கிறாள். ஊர்ப் பொதுவில் கட்டுகிற கல்யாண மண்டபம். ஆவணி முகூர்த்தத்துக்குள் திறந்தாக வேண்டும். அந்த ஒரு மூலை, பழைய ஊருணியை எப்போதோ தூர்த்த இடம்.

அவள் சித்தப்பாவிடம் முதலில் தனியாகத்தான் சொன்னாள். "ஏட்டி, கடப்பாரை டங்குனு கேட்டுச்சுல்லா? நீயும் அங்கனதான நின்ன?" என்றாராம். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கம்பியிலோ சிமென்ட்டிலோ அவர் கை வைத்ததில்லை. சத்தத்தை நம்பினார், அவ்வளவுதான். நம்பியதை மாற்றிக்கொண்டால் ஊர் குறித்த முகூர்த்தம் தவறிப்போகும். சொன்ன நாளில் முடித்துக் கொடுக்கிறவர் என்ற பெருமையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

ஊர்க்கூட்டத்தில் சொல்லப் போகிறேன், நீங்களும் வாங்க மேடம் என்றாள். போனேன். பந்தல் போட்டு நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் எழுந்து, சித்தப்பாவைப் பார்க்காமலே சொன்னாள். தோண்டிப் பார்த்துவிடுவோம் என்றார் ஒருவர். அந்த மூலைத் தூணையொட்டித் தோண்டினார்கள். மேலே கொஞ்ச ஆழத்துக்குக் கட்டி கட்டியாக, கடப்பாரை தெறிக்கிற மண். அதற்குக் கீழே பொதபொதவென்று சாம்பலும், பானை ஓடும், யாரோ எறிந்த செருப்பும் வந்தன.

"என்ன அண்ணாச்சி இது?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"பிரிச்சுக் கட்டிருதேன்" என்றார் சித்தப்பா.

சொன்னபடி செய்தார். அந்த மூலையைப் பிரித்து, சுக்கான் வருகிறவரை இறங்கி, தன் கைப்பொறுப்பில் திரும்பக் கட்டினார். மண்டபம் ஆவணிக்குப் பதில் தை மாதம் திறந்தது. அவளோடு பேசுவதை மட்டும் அன்றைக்கே நிறுத்திவிட்டார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. வேளா வேளைக்குச் சோறு கிடைத்தது, கல்லூரிக்கு வருவதையும் அவர் தடுக்கவில்லை. அவள் எதிரே வந்தால் தூணைத் தாண்டிப் போகிற மாதிரி தாண்டிப் போவாராம். நுழைவுத் தேர்வில் அவள் தேறினாள். என்னிடம் வந்து சொன்னபோது அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. "படிக்க அனுப்புங்கன்னு அவிய மொகத்தப் பாத்து நான் எப்படிட்டி கேப்பேன்" என்று அம்மா அழுதிருக்கிறாள். நான் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கிறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

"நான் போயிருவேன் மேடம். எங்கம்மா அந்த வீட்டுலதான இருக்கணும்?"

அடுத்த வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். புதியம்புத்தூரில் தையல் யூனிட் வைத்திருக்கிற மாப்பிள்ளை, நல்ல பையன். சித்தப்பாவே முன்னால் நின்று நடத்தினார். தாலி கட்டும்போது அட்சதை போட்டார். அப்போதும் பேசவில்லை.

அவள் படிக்கப் போகாதது என் நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. பிறகு வந்த வருஷங்களிலும் நான் அந்தப் பாடத்தை எடுத்தேன். யாராவது அதே கேள்வியைக் கேட்டால் அதே பதிலைத்தான் சொன்னேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். வேறு பதில் கிடையாது. அதுதான் என் வருத்தம்.

போன கார்த்திகையில் அந்த மண்டபத்துக்கு ஒரு மாணவனின் கல்யாணத்துக்குப் போனேன். ஐப்பசியில் பிடித்த மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வழியெல்லாம் கரிசல் குழைந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மண்டபத்துக்குள் ஏற முடிந்தது. பந்தியில் பக்கத்து இலைக்காரர் அந்த மூலைச் சுவரைத் தட்டிக் காட்டினார்.

"இந்த மழைக்கும் ஒரு கீறல் உண்டா, பாருங்க டீச்சர். இதப் போயி விழுந்துரும்னு ஒரு பிள்ள சொல்லி, அவுக சித்தப்பன ஊருக்கு முன்னால தலகுனிய வச்சிட்டா."

எனக்குப் பொறுக்கவில்லை. "இது பிரிச்சுக் கட்டுன மூலை. அந்தப் பிள்ள சொல்லித்தான் பிரிச்சாங்க" என்றேன், சாப்பிடுகிற இடம் என்றும் பாராமல்.

"பிரிக்காட்டாலும் நின்னுருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் ரசத்துக்குக் கை காட்டினார்.

நின்றிருக்காது என்று காட்ட எனக்கு இன்னொரு மண்டபம் வேண்டும், பிரிக்காத மூலையோடு. யாரும் பார்க்காததை எப்படி நிரூபிப்பது என்று முதலாண்டிலேயே கேட்டவளுக்கு, அவள் வாழ்க்கையிலேயே அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

கை கழுவிவிட்டு வந்தபோது அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தையோடு அந்த மூலையில் நின்றிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கண்ணில் அதே குறும்பு. யூனிட்டில் வேலை பார்க்கிற பெண்களின் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் அறிவியல் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னாள். பிறகு, "அந்த ஒரு மீட்டர் கல்லு விஷயம் என்னாச்சு மேடம்? கண்டுபிடிச்சிட்டாவளா?" என்றாள்.

"இன்னும் முழுசா இல்ல. கூட்டமாச் சேந்துதான் தப்பிச்சிருக்கும்னு சொல்லுதாங்க."

"இருக்கும்" என்று சிரித்தாள்.

அப்போது சித்தப்பா அந்தப் பக்கம் வந்தார். நரைத்துவிட்டார். என்னைப் பார்த்துக் கைகூப்பி, "சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார். குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். குழந்தையை வைத்திருந்தவளைப் பார்க்காமல் போய்விட்டார்.

"ஒவ்வொரு மழைக்கும் இங்கன வந்து இந்த மூலையப் பாத்துட்டுப் போவாவளாம், அம்மா சொல்லுவா" என்றாள் அவள். "கையால தடவித் தடவிப் பாப்பாவளாம்."

"அப்ப அவருக்கே தெரியுதுல்ல, நீ சொன்னது சரின்னு."

"தெரியும் மேடம்." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "நான் சொல்லாம இருந்து, இங்கன ஒரு விரிசல் விழுந்திருந்தா, அவிய எங்கிட்ட பேசிக்கிட்டுத்தான இருந்திருப்பாவ?"

முதலாண்டில் என்னைக் காப்பாற்றிய மணி அங்கே இல்லை. தரையிலிருந்து கூரைவரை அந்தச் சுவரை மேலும் கீழுமாகப் பார்த்தேன். அறநெறி சொல்லிக்கொடுக்கிற நான், மயிரிழை அளவுக்காவது ஒரு விரிசல் இருந்துவிடக் கூடாதா என்று அந்தச் சுவரில் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒன்றுமில்லை. சுத்தமாக இருந்தது.