மாமாவின் ஈரப் பனியன்

என் மாமனார் எரியோட்டில் முருங்கைத் தோட்டம் வைத்திருப்பவர். நான் வீட்டுக்குள் நுழைந்தால், கொடியில் கிடக்கும் சட்டையை எடுத்து மாட்டிய பிறகுதான் "வாங்க மாப்ளே" என்பார். அந்த மரியாதையைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு வளர்ந்ததில்லை.

அத்தை இறந்த பிறகு வந்த ஐப்பசியில், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் சில நாள் தங்க வந்தார். சர்க்கரை வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுமலைக்குப் போய் நடப்பது என் வழக்கம். தானும் வருவதாகச் சொன்னார். மேலே குளிருமே என்று என் மனைவிக்குக் கவலை. கடைவீதிக்குப் போய், உள்ளே பஞ்சு வைத்த ஜெர்கின் ஒன்றை அப்பாவுக்கு வாங்கி வந்தாள்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது வேறு. உடம்போடு ஒட்டி, சீக்கிரம் காயும் மெல்லிய நைலான் பனியன். பையில் ஒரு ஸ்வெட்டர், ஒரு மழைக்கோட்டு, மாற்றுப் பனியன். குளிரக் குளிர ஒவ்வொன்றாகப் போட வேண்டும். வியர்க்கும் முன்பே கழற்றிவிட வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கி வெள்ளிமலைப் பாதையில் ஏறத் தொடங்கியபோது நல்ல வெயில். மாமா பருத்திப் பனியன், சட்டை, அதன்மேல் கழுத்துவரை ஜிப் போட்ட ஜெர்கினோடு வந்தார். கழற்றிவிடுங்கள் என்றேன்.

"இருக்கட்டும் மாப்ளே. புள்ள ஆசையா வாங்கிக் குடுத்தது."

அதற்குமேல் வற்புறுத்தக் கூச்சமாக இருந்தது. தோட்டத்தில் நடந்து பழகிய கால். எனக்கு முன்னால் ஏறிப் போனார். பின்கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

உச்சியை அடைந்தபோது மேகம் வந்து மூடியது. காற்றோடு தூறலும் சேர, ஒரு பாறையின் மறைவில் உட்கார்ந்தோம். கொஞ்சம் முன்னால்தான் கீழே தெரிந்த குளங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். வாழைப்பழம் கொடுத்தேன். தோலை உரிக்க விரல் வரவில்லை. உதடு நடுங்கியது. ஜெர்கினுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். மழை உள்ளே போகவில்லை. வியர்வையிலேயே பனியனும் சட்டையும் தொப்பலாக நனைந்து சில்லென்று இருந்தன.

"மாமா, சட்டை பனியன் ரெண்டையும் கழட்டணும்."

"இங்கயா? வேணாம் மாப்ளே. கீழ போயிப் பாத்துக்கிருவோம்."

"கீழ போற வரைக்கும் ஒடம்பு தாங்காது மாமா. கையத் தூக்குங்க."

அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவருடைய விரல் பொத்தானில் நிற்காததால் நானே கழற்றினேன். தோளெலும்பு தெரிய மெலிந்திருந்தார். என் மகளுக்குத் தலை குளித்தபின் துவட்டுவதைப் போல முதுகையும் மார்பையும் அழுத்தித் துடைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மாற்றுப் பனியனைப் போட்டு, மேலே ஸ்வெட்டரை மாட்டி, காற்று புகாமல் மழைக்கோட்டால் மூடினேன். நான் நனைந்தேன். நடந்தால் சூடாகிவிடும் என்று அவரையும் கிளப்பி இறக்கினேன்.

பாதி வழியில் அவர் முகம் தெளிந்தது. வேட்டி மடியில் வைத்திருந்த பழத்தைத் தானே உரித்துத் தின்றார்.

"ஒடம்பு என் சொல்லக் கேக்கல மாப்ளே. செத்த நேரம் பயந்துட்டேன்" என்றார்.

"நானுந்தான் மாமா."

அதன்பிறகு தானாகப் பேசிக்கொண்டு வந்தார். அத்தை போனதிலிருந்து வீட்டுக்குள் படுக்கப் பிடிக்காமல் தோட்டத்து மோட்டார் ரூமில்தான் படுத்துக்கொள்கிறாராம். சமைப்பதும் ஒரு வேளைதானாம். மகளிடம் இதைச் சொன்னதில்லை. நான் சொல்லலாமா என்று கேட்டேன். கொஞ்ச தூரம் யோசித்து நடந்துவிட்டு, சொல்லுங்க என்றார்.

அன்று மாலையே மனைவியிடம் சொன்னேன். அவள் அழுதாள். ஊருக்குக் கிளம்ப வைத்திருந்த பையை அவரே பிரித்து, தீபாவளி முடியட்டும் என்று இருந்துவிட்டார்.

அதற்கு முன், மத்தியானம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது வெயில் கொளுத்தியது. தரையில் ஈரமே இல்லை. பூ விற்கும் பெண் ஒருத்தி மழைக்கோட்டோடு நின்ற அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மலையில நல்ல மழைம்மா" என்று மாமா அவளிடம் சிரித்தபடி சொல்லிவிட்டு, சாவகாசமாகப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.