பட்டாளத்துக் கடையின் பலகைத் தரை

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் வீட்டுத் தரையிலிருந்து புளித்த வெல்லத்தின் வாடை பைய எழும்பும். பாளையங்கோட்டையில் எல்லார் வீட்டிலும் சுண்ணாம்புத் தளம் இருக்க, எங்களுக்கு மட்டும் மரப்பலகை. ஏனென்றால் அது வீடாகக் கட்டப்பட்டதே அல்ல. கோட்டையில் கும்பினிப் பட்டாளம் இருந்த நாளில், யாரோ ஒரு துரை தன் ஊர் மதுக்கடையை நினைத்து ஏங்கி, அதே அச்சில் எழுப்பிய சாராயக்கடை அது. வாசலில் இரண்டு உருண்டைத் தூண்கள், கதவுக்கு மேல் விரித்த விசிறி போன்ற அரைவட்டக் கண்ணாடி, இரு பக்கமும் அளவு பிசகாமல் மும்மூன்று சன்னல்கள், அவற்றை மேலே தூக்கித்தான் திறக்க வேண்டும். ஜார்ஜ் ராஜாக்கள் காலத்துப் பாணி என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். பட்டாளம் போனபின் பஞ்சுக் கிடங்காகி, கடைசியில் மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியாரான என் அப்பாவுக்குக் குடியிருக்கக் கிடைத்தது. ஊர் வாயில் மட்டும் அது "பட்டாளத்துக் கடை"யாகவே இருந்தது.

நாங்கள் குடிபோன முதல் மழைக்காலத்தில் எனக்கு எட்டு வயது. வீடு வீடாக முறைவைத்து நடக்கும் ஜெபம் எங்கள் வீட்டுக்கு வந்தது. சபையார் முழங்காலிட்டு, வழக்கப்படி நெற்றி தரையில் படக் குனிந்தார்கள். அத்தனை மூக்கும் பலகை இடுக்குக்கு நேராக இருந்தது. ஆமென் சொல்லி எழுந்தபோது ஒருவர் முகமும் சரியில்லை.

"வாத்தியார் வீட்ல என்னமோ வாடை அடிக்கே" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள்.

குடிக்கிறார் என்று முடிவானால் அப்பாவுக்கு வேலையும் போகும், வீடும் போகும். "குடிக்காதவன் எதுக்கு விளக்கம் சொல்லணும்?" என்று அவர் வீறாப்பாக இருந்துவிட்டார். அம்மாவோ துவைக்குமுன் அவர் சட்டையை முகர்ந்து பார்த்தாள். நான் இன்னும் மோசம். அப்பா கிராம்பு மென்றால் சந்தேகம், கதவைச் சாத்திக்கொண்டு விடைத்தாள் திருத்தினால் பெரிய சந்தேகம். சன்னலோரம் நின்று நாள்கணக்காக வேவு பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. அவ்வளவு சாமர்த்தியமாக ஒளிக்கிறாரே என்றுதான் தோன்றியது.

அப்புறம் ஒருநாள் சபை மூப்பர் வந்தார். அப்பாவை வைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"ஏ பிள்ள, பயப்படாமச் சொல்லு. உங்க அப்பா குடிக்காகளா?"

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். என் பதிலில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"தெரியலையே தாத்தா" என்றேன்.

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. எழுந்துபோய்க் கடப்பாரையோடு வந்து, "அண்ணாச்சி, வாடை எங்கன இருந்து வருதுன்னு நீங்களே பாருங்க" என்று ஒரு பலகையை நெம்பினார். பஞ்சுக்காரர்கள் வழியடைத்துவிட்டுப்போன நிலவறை அடியில் இருந்தது. மழைத்தண்ணீரில் பழைய சாராயப் பீப்பாய்கள் உளுத்து மிதந்தன. மூப்பர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தப்பா நெனச்சிட்டோம் வாத்தியாரே" என்றார்.

வேலை தப்பியது. ஆனால் அன்று முதல் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பா நேரே என்னிடம் வந்து குனிந்து, "வாயை ஊதிக் காட்டட்டுமா?" என்பார். அம்மா சிரிப்பாள், நானும் சிரிப்பேன். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

இப்போது தூணும் இல்லை, சன்னலும் இல்லை. எல்லாவற்றையும் இடித்து, கல்லையும் மரத்தையும் வண்டியேற்றிவிட்டார்கள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். நாக்குக் குழறிய கடைசி நாள்களில், மருந்து புகட்டக் குனிந்த என்னிடம் அப்போதும், "வாயை ஊதிக் காட்டட்டுமா?" என்றே கேட்டார். வேண்டாம்ப்பா என்று நான் ஒருநாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.