ஒரு கொம்பு குறைந்த சொல்

அந்த வரியைத் தப்பாகப் படித்தவன் நான்தான். தப்பு என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நானே. அதனால் சேகர் தன் அண்ணனைப் பார்க்காமலே செத்தான்.

நான் பள்ளிப் படிப்பைத் தாண்டாதவன். பழைய அச்சுப் புத்தகங்களைப் படிக்க நானாகவே பழகினேன். பெங்களூரில் எந்தத் தமிழ்க் கூட்டத்தில் மைக் கிடைத்தாலும் என் தலைப்பு ஒன்றுதான்: பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரே ஓர் ஆண்டு. அந்த ஆண்டில் லண்டனில் என்ன அச்சேறியது, பாரிசில் என்ன, நம் கடற்கரையில் ஈய எழுத்தில் என்ன!

அந்த ஆண்டு வந்த ஒரு சிறு அறிவுரை நூலின் ஒரே ஒரு பக்கம், நகலாக, என்னிடம் இருந்தது. அதன் கடைசி வரி: ‘நொயாளியிடம பொய சொலலு’.

நோயாளியிடம் பொய் சொல்லு! அடடா, என்ன இரக்கம் என்று உருகினேன். தொம்மலூர்க் கூட்டத்தில் கைதட்டல் நிற்கவில்லை.

முன்வரிசையில் லதா இருந்தாள், சேகரின் மனைவி. சேகர் என் நண்பன். சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருந்தான். அவனுக்குப் புற்றுநோய் என்று டாக்டர் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

“முந்நூறு வருஷம் முன்னாடியே எழுதி வச்சிருக்காங்க, நானும் டாக்டரும் பொய் சொன்னா தப்பாண்ணா? அவருகிட்ட அல்சர்னு சொல்லிட்டோம்” என்றாள்.

நான் பெருமையாகத் தலையாட்டினேன். பெருமையாக!

கடைக்குப் போனால் சேகர் சீண்டுவான்: “இன்னா குரு, முந்நூறு வருஷத்துலேர்ந்து எப்ப வெளிய வந்தே?” பிறகு குரல் இறங்கும். “இந்த அல்சர் ஒரே பேஜாரு. சரியாகட்டும், தங்கவயல் போயி, பழைய சண்டைய மறந்து அண்ணன்கிட்ட பேசிடணும். இப்பப் போனா, நோவு வந்ததும் தேடி வந்துட்டான்னு நெனப்பான்.”

சரியாகட்டும் என்று காத்திருந்தான்...

அப்போதுதான் முழு நூலின் நகலும் என் கைக்கு வந்தது. பக்கத்தைத் திருப்பினேன். ‘அவன தன மனுஷரை பாரததுககொளளடடும’ என்று வரி தொடர்ந்தது.

உங்களுக்குப் புரிகிறதா? அந்தக் கால அச்சில் புள்ளி கிடையாது. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வித்தியாசம் கிடையாது. சொற்களுக்கு நடுவில் ஒற்று போடுவதும் கிடையாது. நோயாளியை ‘நொயாளி’ என்று அச்சடித்திருந்தும், அதைச் சரியாகத்தானே படித்தேன்? அடுத்த சொல்லில் என் புத்தி எங்கே மேயப் போயிற்று? அது ‘பொய்’ அல்ல, ‘போய்’! நோயாளியிடம் போய்ச் சொல்லு. அவன் தன் மனிதர்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

சேகர் அன்று உயிரோடு இருந்தான். என் வீடு இருக்கும் தொம்மலூருக்கும் சிவாஜிநகருக்கும் என்ன பெரிய தூரம்? ஏறினால் ஒரே பஸ்!

ஆனால் அடுத்த கூட்டத்தின் அழைப்பிதழில் அந்த வரி கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. ஒரு கொம்பை விட்டதற்காக மேடையில் பல்லிளிப்பதா? கூட்டம் முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேசினேன். மறுபடியும் கைதட்டல். சே!

கூட்டம் முடிந்தது. சேகரும் அந்த வாரமே முடிந்துபோனான்.

அண்ணன் வந்தார். வாசலில் நின்று, வந்தவர் ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டார்: “அல்சருக்கெல்லாம் எவனாவது சாவானா? எனக்கு ஏன் யாரும் சொல்லல?” என்னையும் கேட்டார். மாலையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

இப்போது அந்த வரி ரோஜாப்பூப் படத்தோடு, காலை வணக்கத்தோடு, வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எனக்கே அனுப்புகிறார்கள்! யாருடைய சட்டையைப் பிடித்து உலுக்குவது, என்னுடையதைத் தவிர?

போன ஞாயிறு, சொல்லியே தீர்வதென்று லதாவின் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தாள்.

“அந்த வரி மட்டும் இல்லன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்ணா. நெஜமாவே அந்தப் புக்குல அப்டித்தானே இருக்கு?”

“அப்படித்தாம்மா இருக்கு.”

போய்ச் சொல்லு என்றது புத்தகம். போனேன்... பொய் சொன்னேன்.