மதீராவுக்குப் பதினாறு பேர்

விடுமுறைக்கு எங்கே போகிறோம் என்பதைச் சொந்தக்காரருக்குச் சொல்லாமல் போய்வந்தால், அடுத்த கலியாண வீட்டில் எவரும் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார்கள். சொன்னாலோ, அவர்களும் கூடவே வருவார்கள். லண்டனுக்கு வந்த பிறகும் எங்கள் ஆட்களுக்கு இதில் நடுவழி கிடையாது.

மதீரா என்ற பெயரை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் மனைவி. அத்திலாந்திக் கடலுக்கு நடுவே முழுக்க மலையாக நிற்கும் தீவு. மலையைச் சுற்றி வாய்க்கால்கள் ஓடுகின்றனவாம், அவற்றின் ஓரமாக நாள் முழுக்க நடக்கலாமாம். ஹவுன்ஸ்லோவில் இருந்து விமான நிலையத்துக்குக் காலை ஷிப்டுக்குப் போகிறவன் நான். முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வருகிறவள் அவள். இருபத்திரண்டு வருடமாக எங்கள் குடும்ப வாழ்க்கை பெரும்பாலும் வாசலில்தான் நடந்தது. அவள் சப்பாத்தைக் கழற்ற, நான் மாட்டுகிற அந்த ஐந்து நிமிடம்.

"நாங்கள் ரெண்டு பேரும் ஒரு கிழமை நடப்பம். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்," என்றாள். மலையில் நடக்கும் சப்பாத்து இரண்டு சோடி வாங்கி வாசலில் வைத்தாள். தன்னுடையதைப் போட்டுக்கொண்டு தினமும் பூங்காவைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள்.

நான் செய்த பிழை ஒன்றுதான். ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், மட்டன் ரோலைக் கடித்தபடி, அண்ணையிடம் பெருமையாக வாய்விட்டேன்.

"அண்ணை, நாங்கள் மலையேறப் போறம்."

"அப்ப எங்களுக்கும் சேர்த்து டிக்கெட் பார்," என்றார்.

மறுக்கலாமா? எங்கள் குடும்பத்தில் அப்படியொரு வழக்கம் இல்லை. கேக் வெட்டி முடிவதற்குள் மச்சான் குடும்பம், அண்ணையின் சம்பந்தி வீட்டார் என்று பதினாறு பேராகிவிட்டோம். வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். நான்தான் அட்மின். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் பதவி என்பதால் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் கூட்டம். தலைக்கு மேல் விமானம் போகும்போது மட்டும் வாதம் நிற்கும். மச்சானுக்கு முழங்கால் நோ, ஆகவே ஏற்றமான பாதைகளை வெட்டினோம். ஒரு வாய்க்கால் பாதை சுரங்கத்துக்குள்ளால் போகிறது, உள்ளே வெளிச்சம் இல்லை. அதையும் வெட்டினோம். சிகரத்தில் நின்று சூரியோதயம் பார்க்கும் திட்டத்தை அண்ணை ஒரே கேள்வியில் முடித்தார்.

"ஏன், அதை ஹோட்டல் யன்னலால பார்க்கேலாதோ?"

ரைஸ் குக்கரை யார் கொண்டுவருவது என்பதற்கு மட்டும் மூன்று ஞாயிறு போயின. பதினாறு பேருக்கு ஒரு குக்கர் காணாது என்றார் சம்பந்தி அம்மா. செவ்வாயும் வெள்ளியும் இறைச்சி மீன் இல்லாமல் மரக்கறி என்பதால் சட்டிகளும் வேறுவேறாக வேண்டும். கடைசியில் சூப்பர்மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் சமைக்கப் பெரிய குசினி உள்ள வீடும் ஒரு மினிபஸ்ஸும் முடிவாயின. மினிபஸ்ஸில் இருந்து வாசலுக்கு நடப்பதுதான் மிச்சமிருந்த நடை.

ஒவ்வொரு கூட்டத்திலும் தேத்தண்ணி கொடுத்தபடி மனைவி ஒன்றையே கேட்பாள்.

"நடக்கிற நாள் எது?"

"அதையும் போடுவம்," என்பேன். ஒரு ஞாயிறு அவள் கேட்கவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். என்னைப்போல ஒரு மடையன் இருக்கமாட்டான்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் வேலை முடிந்து வந்தேன். வாசற்படியில் உட்கார்ந்து அவள் மலைச் சப்பாத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். முதுகில் பை.

"எங்கை போறீர்?"

"மதீராவுக்கு. ஒரு கிழமை லீவு எடுத்திட்டன்."

"நாங்கள் ஓகஸ்டில எல்லோ போறம்?"

"ஓம், போவம். அது சோறு காய்ச்சப் போறது. நான் நடக்கப் போறன்."

எனக்கு வாயில் வந்தது இவ்வளவுதான்: "தனிய மலையில நடக்கப் பயமில்லையோ?"

அவள் முடிச்சை இறுக்கினாள்.

"இருபத்திரண்டு வருசமாத் தனியத்தானே இருக்கிறன். பழகிட்டுது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவள் பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. விலகி வழிவிட்டேன். நான் உள்ளே வர, அவள் வெளியே போனாள்.

மூன்றாம் நாள் குழுவில் ஒரு படம் போட்டிருந்தாள். மேகங்களுக்கு மேலாக, மலை முதுகில் ஒரு ஒற்றையடிப் பாதை. படத்தில் அவள் இல்லை. அவளை எடுப்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

கீழே அண்ணை கேட்டிருந்தார்: "அங்கை சோறு கிடைக்குதோ?"

அட்மின் நான் போனை மூடி வைத்தேன். வாசலுக்குப் போய் எனக்கென்று வாங்கிய சோடியைக் கையில் எடுத்தேன். கடையில் திணித்த கடதாசி இன்னும் உள்ளேயே இருந்தது.